மாம்பழத்தில் கறுப்புப் புள்ளி: ஆனியில் தெரியும் நோய் தையிலேயே தொற்றிவிடுகிறது

வைகாசி, ஆனி மாதங்களில் ஏ9 வீதியோரம் மாம்பழக் கடைகள் வந்ததும் கூடவே ஒரு முறைப்பாடும் வந்துவிடும். வாங்கும்போது மாசு மருவில்லாமல் இருந்த கறுத்தக்கொழும்பான் மூன்றாம் நாள் கறுப்புப் புள்ளி போடுகிறது, ஐந்தாம் நாள் வெட்டிப் பார்த்தால் உள்ளே கன்றிப்போயிருக்கிறது. "கல்லு வைச்சுப் பழுக்க வைச்சிருக்கிறாங்கள்" என்று வாங்கியவர் வியாபாரியைத் திட்டுகிறார். வியாபாரி தோட்டக்காரரைக் கை காட்டுகிறார். தோட்டக்காரர் காய் பிடுங்குவதற்குச் சற்று முன்னர்தான் மருந்து அடித்தவர், அதனால் மருந்துக் கடைக்காரரைத் திட்டுகிறார்.

கல் வைத்துப் பழுக்க வைப்பதை நியாயப்படுத்த முடியாது. அது வேறு பிரச்சினை. இந்தப் புள்ளிக்கு மூலகாரணம் ஒரு பங்கசு. நோயின் பெயர் அந்திரக்னோஸ். அந்தப் பழத்துக்குள் பங்கசு புகுந்தது கடையிலும் அல்ல, லொறியிலும் அல்ல. பெரும்பாலும் தை, மாசியில், பூவும் பிஞ்சுமாக மரத்தில் இருந்த காலத்திலேயே புகுந்துவிட்டது. இந்த ஒரு விடயம் விளங்கினால் எப்போது வெட்ட வேண்டும், எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடிப்பது வீண் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

எந்தப் பங்கசு, எந்தெந்த மரங்களில்

கொலெட்டோட்ரைக்கம் என்ற பங்கசுக் கூட்டம்தான் இதற்குக் காரணம். அதில் பல இனங்கள் உண்டு. மா, பப்பாசி, கொய்யா, மாதுளை, தேசி, மரமுந்திரிகை, வாழை என்று வன்னி வளவுகளில் நிற்கும் பழமரங்களில் பெரும்பாலானவற்றை ஏதாவதொரு இனம் தாக்கும். முற்றத்துக் குரோட்டன், அந்தூரியம், ஒர்கிட் ஆகியவற்றுக்கும் இதே நோய் வரும். மிளகாய்ச் செய்கைக்காரர்கள் நன்கறிந்த பழஅழுகலும் இந்தக் கூட்டத்தின் வேலைதான், இனம் மட்டும் பெரும்பாலும் வேறு.

இந்தக் கட்டுரை மாவை முன்வைத்துப் பேசுகிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நட்ட ஒட்டுமாங்கன்றுகள் பல வளவுகளில் இப்போது முழு மரங்களாகிவிட்டன. நடும்போது சின்னக் கன்றுதானே என்று நெருக்கி நட்டவர்களின் வளவில் இன்று ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்துக்குள் நிற்கிறது. நோய் பெருகுவதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

கண்ணால் அடையாளம் காண்பது

1. இலை: செம்பு நிறத் தளிரிலும் இளம் இலையிலும் சிறிய கபில அல்லது கறுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை பெருகி ஒன்றோடொன்று சேர்ந்து, நடுப்பகுதி காய்ந்து உதிர்ந்து ஓட்டை விழும். நன்றாக முற்றிய இலையில் புதிதாகப் புள்ளி பெருகுவது குறைவு.

2. பூங்கொத்து: காம்பில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் வரும். பிறகு பூக்கள் கருகும். கொத்து முழுவதும் காய்ந்து கறுத்து, உதிராமல் மரத்திலேயே தொங்கும்.

3. காய், பழம்: பச்சைக் காயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பழுக்கத் தொடங்கியதும் தோலில் கறுப்புப் புள்ளிகள் வந்து, விரிந்து, சற்றே குழிந்துபோகும். சில பழங்களில் காம்படியிலிருந்து கீழ்நோக்கி, கண்ணீர் வழிந்த தடம் மாதிரிக் கறுப்புக் கோடுகள் இறங்கும். மேலேயுள்ள நோய்பட்ட கொத்திலிருந்து மழைநீரோ பனிநீரோ வித்திகளை, அதாவது பங்கசு பரவும் நுண்ணிய விதை போன்றவற்றை, கழுவிக்கொண்டு பழத்தின் மேல் வழிந்த வழி அது.

சந்தேகமென்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். புள்ளி விழுந்த பழத்தையோ இலையையோ நனைத்துப் பிழிந்த கடதாசித் துண்டோடு ஒரு பொலித்தீன் பையில் கட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். புள்ளியின் நடுவில் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த நிறத்தில் சின்னச் சின்னப் பிசின் பொட்டுகள் எழும்பினால் அது பெரும்பாலும் அந்திரக்னோஸ்தான். அந்தப் பிசினுக்குள் இருப்பவை பங்கசின் வித்திகள். பார்த்த பிறகு பையோடு புதைத்துவிடுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் வேறு பிரச்சினைகள் உண்டு. மருந்து மாறிப்போவது இங்கேதான்:

- அழுகல் காம்படியில் மட்டும் தொடங்கி வளையமாகக் கீழிறங்கினால் அது காம்பழுகல். வேறு பங்கசு.
- புள்ளி மேடாக எழும்பி நட்சத்திரம் போல வெடித்திருந்தால் பக்றீரியா நோயாக இருக்கலாம். மங்கோசெப் போன்ற பங்கசுநாசினிகள் அதற்கு உதவா.
- துளையும் உள்ளே புழுவும் இருந்தால் பழ ஈ.
- இலையின் மேல் கரி பூசியது போலப் படிந்து, விரலால் துடைத்தால் போய்விடுகிறதென்றால் அது கரும்பூஞ்சணம். தத்துப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற கழிவில் வளர்வது. பூச்சியை அடக்காமல் அது போகாது.
- பூங்கொத்தில் வெள்ளை மா தூவியது போல இருந்தால் சாம்பல் நோய்.
- பிடுங்கிய அன்றோ மறுநாளோ காம்பைச் சுற்றித் தோல் கருகியிருந்தால், அது பால் பட்ட காயம். நோயே அல்ல.

மாரி முடிந்த பிறகும் ஏன் கருகுகிறது

பலரும் குழம்பும் இடம் இது. வன்னிக்கு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். மா பிரதானமாகப் பூப்பது அதன் பின்னர். மழைதானே நோயைப் பரப்புகிறது, அப்படியானால் மழை விட்ட பிறகு பூத்த கொத்து எப்படிக் கருகும்?

இந்தப் பங்கசின் வித்திகள் பிசினில் ஒட்டிக்கொண்டிருப்பவை. காற்று மட்டும் அடித்தால் அவை இலகுவில் பறப்பதில்லை. நீர்த்துளி விழுந்து தெறித்தால்தான், அல்லது நீரோடு வழிந்தால்தான், ஓரிடம் விட்டு இன்னோரிடம் போகும். போய் ஒட்டிய பிறகு முளைப்பதற்கும் பல மணி நேரத்துக்கு மேற்பரப்பில் ஈரம் வேண்டும். 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும், அதற்குச் சற்றுக் குறைந்தாலும் முளைக்கும். ஆக, பங்கசுக்கு வேண்டியது ஈரம். அது மழையாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

மாசிப் பனி மூசிப் பெய்யும் என்று நம்மவர்கள் சொல்வது இங்கே சரியாகப் பொருந்துகிறது. இரவு முழுக்க இறங்கும் பனி காலை எட்டு மணி தாண்டியும் பூங்கொத்தில் நிற்கிறது. அடர்ந்த மரத்தின் உட்பகுதியில் அதற்கு மேலும் நிற்கிறது. மேலே மாரியில் நோய்பட்டுக் காய்ந்த சுள்ளிகள் இருந்தால், அவற்றிலிருந்து சொட்டும் பனிநீரே வித்திகளைப் பூவுக்குக் கொண்டுவந்துவிடும். இடையில் பருவம் தப்பிய ஒரு மழையும் பெய்தால் கேட்கவே வேண்டாம்.

எனவே மாரியையும் பூக்காலத்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் துளிர்த்த கொழுந்தில் நோய் விழுகிறது. நோய்பட்ட அந்த இலையும் சுள்ளியும் தை, மாசி வரை வித்திகளைக் கையிருப்பில் வைத்திருக்கின்றன. 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்துபோனது போன்ற ஆண்டுகளில் முறிந்து மரத்திலேயே தொங்கும் கிளைகளும் அந்தக் கையிருப்பில் சேர்ந்துகொள்ளும்.

காய்க்குள் உறங்கும் தொற்று

வித்தி பிஞ்சின் தோலில் முளைத்ததும் அழுத்திப் பிடிக்கும் சிறிய உறுப்பு ஒன்றை உண்டாக்கித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு நுண்ணிய முளையைத் தோலுக்குள் செலுத்துகிறது. அதோடு நின்றுவிடுகிறது. ஏன்?

பச்சை மாங்காயின் தோலில் இயல்பாகவே பங்கசை அடக்கும் பொருட்கள் உண்டு. ரிசோர்சினோல் வகைச் சேர்மங்கள் அவற்றில் முக்கியமானவை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டு மாவினங்களில் நடந்த ஆய்வுகள், ரிசோர்சினோல்களோடு காலோதனின்கள் என்ற துவர்ப்புப் பொருட்களும், கைற்றினேசு என்ற நொதியமும் சேர்ந்து காயைக் காப்பதைக் காட்டியிருக்கின்றன. காய் பச்சையாக இருக்கும்வரை இந்தக் காவல் பலமாக இருக்கிறது, பங்கசு வளராமல் உறங்குகிறது. காய் பழுக்கப் பழுக்க அந்தப் பொருட்கள் குறைகின்றன, சீனி கூடுகிறது, தோல் மென்மையாகிறது. காவல் தளர்ந்ததும் உறங்கிக் கிடந்த பங்கசு எழும்பி நான்கைந்து நாளில் பழத்தைத் தின்றுவிடுகிறது.

இதிலிருந்து மூன்று விடயங்கள் பெறப்படுகின்றன.

1. பிடுங்கும்போது காய் சுத்தமாக இருந்தது என்பதற்காக அதில் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. விற்பவரும் ஏமாற்றவில்லை, வாங்குபவரும் பொய் சொல்லவில்லை.

2. அறுவடைக்குச் சற்று முன்னர் அடிக்கும் மருந்து, தோலுக்குள் எப்போதோ புகுந்துவிட்ட பங்கசை எட்டுவதில்லை. காசும் வீண், மருந்தின் மீதி பழத்தோடு வீட்டுக்குள் வரும். இது மிகவும் வருத்தப்பட வேண்டிய பழக்கம். வன்னியில் இன்னும் நடக்கிறது.

3. காக்க வேண்டிய காலம் கொத்து வெளிவருவதிலிருந்து காய் ஓரளவு திரளும் வரையான சில கிழமைகள். அதைத் தவறவிட்டால் மிஞ்சியிருப்பது அறுவடைக்குப் பிந்திய வெந்நீர்ச் சிகிச்சை மட்டும்தான்.

ஆண்டு முழுவதுக்குமான வேலை

முதல் வேலை அறுவடை முடிந்த கையோடு, ஆவணி, புரட்டாதியில். என் கணிப்பில், மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும் விட இந்த வேலைக்குத்தான் பலன் கூட. கத்தி, வாள், கொஞ்சம் உடல் உழைப்பு, இவ்வளவுதான் செலவு.

- காய்ந்த சுள்ளி, கறுத்துத் தொங்கும் பழைய பூங்கொத்து, மரத்திலேயே வற்றிய காய் எல்லாவற்றையும் அகற்றுங்கள். எட்டாததைக் கொக்கத்தடியால் இழுத்து எடுக்கலாம்.
- மரத்தின் நடுவே குறுக்கும் மறுக்குமாக நிற்கும் கிளைகளை வெட்டித் திறந்துவிடுங்கள். நண்பகலில் மரத்தடியில் ஆங்காங்கே வெயில் பொட்டு விழ வேண்டும். அதுதான் அளவு. வெயிலும் காற்றும் உள்ளே போனால் பனி சீக்கிரம் காயும்.
- அடுத்தடுத்த மரங்களின் கிளைகள் முட்டிக்கொண்டால் இரண்டையும் பின்வாங்க வெட்டுங்கள். புதிதாக நடுபவர்கள் கறுத்தக்கொழும்பான் போன்ற பெருமரத்துக்கு 30 அடி இடைவெளி விடுவது நல்லது.
- வெட்டியவற்றை மரத்தடியில் குவிக்காமல் தள்ளிக் கொண்டுபோய்ப் புதையுங்கள், அல்லது காயவிட்டு எரியுங்கள்.

இந்த மாதங்களைச் சொல்வதற்குக் காரணம் சோழகக் காற்று. அந்த வரட்சியில் வெட்டுவாய் சீக்கிரம் காய்ந்து ஆறும். மாரியில் வெட்டினால் வெட்டுவாயே நோய் புகும் வாசலாகிவிடும். தடித்த கிளை வெட்டிய இடத்தில் போர்டோப் பசை பூசலாம்: 100 கிராம் மயில்துத்தம் (செப்பு சல்பேற்று), 100 கிராம் சுண்ணாம்பு, 1 லீட்டர் தண்ணீர்.

இரண்டாவது, மாரிக் கொழுந்து. வளர்ந்த மரத்துக்கு இதில் பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. சின்ன ஒட்டுக்கன்றுகளுக்குத்தான் பாதிப்பு கூட. கொழுந்து எல்லாம் கருகினால் கன்று வளராது. மழை இடைவெளியில் ஒரு தடவை செப்பு மருந்து அடித்தால் போதும்.

போர்டோக் கலவை என்ற செப்பு மருந்தை வீட்டிலேயே செய்வதென்றால்: 100 கிராம் மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்ரிக் வாளியில் 5 லீட்டர் தண்ணீரில் கரையுங்கள். 100 கிராம் நல்ல சுண்ணாம்பை இன்னொரு வாளியில் 5 லீட்டரில் கரைத்து வடியுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். வான நீலத்தில் பால் போன்ற கலவை வரும். துரு இல்லாத இரும்பு ஆணி ஒன்றை ஒரு நிமிடம் அதில் வைத்துப் பாருங்கள். ஆணியில் செம்புச் சிவப்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் அடித்தால் இலை கருகும். இரும்புப் பாத்திரம் கூடாது. செய்த அன்றே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் பலமில்லை. 1880களில் பிரான்சின் போர்டோப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த மருந்து இது. இன்றும் பலன் தருகிறது.

மூன்றாவது, பூக்காலம். செப்பு மருந்து மலர்ந்த பூவைப் பாதிக்கக்கூடும், ஆகவே இங்கே அது வேண்டாம். கொத்து விரல் நீளம் வெளிவந்து, பூ விரியும் முன்னர் முதல் தடவை. மங்கோசெப் போன்ற தொடுகைப் பங்கசுநாசினி போதும். 80 வீதத் தூள் என்றால் வழமையான அளவு 10 லீட்டருக்கு 20 கிராம். லேபலில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். பூ முழுதாக விரிந்திருக்கும் நாட்களில் அடிக்க வேண்டாம். மாவுக்கு மகரந்தம் கொண்டுவருபவை ஈக்களும் தேனீக்களும்தான். அவற்றை விரட்டிவிட்டுக் காயை எதிர்பார்க்க முடியாது. பிஞ்சு பிடித்ததும் இரண்டாவது தடவை. பனியோ மழையோ தொடர்ந்தால் இரண்டு மூன்று கிழமை கழித்து இன்னொன்று. காய் கோழி முட்டை அளவு வந்ததும் நிறுத்திவிடலாம்.

கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கும் ஒட்டுமரம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அந்த முட்டைப் பருவத்தில், காய் நன்றாகக் காய்ந்திருக்கும் வேளையில், கடதாசி உறை போட்டுக் கட்டிவிடுவது. மேலிருந்து வழியும் நீர் காயைத் தொடாது, பழ ஈயும் அண்டாது. ரொம் ஈஜேசி மாச் செய்கையில் இது வழமையான வேலை.

ஐம்பது அடிப் பழைய மரமென்றால்? முதுகில் மாட்டும் தெளிகருவி அதன் பாதி உயரத்துக்கும் போகாது. கீழ்க்கிளைகளுக்கு மட்டும் அடித்துவிட்டு மனத்தைத் தேற்றுவதில் பயனில்லை. அந்த மரத்துக்குச் சுத்தப்படுத்தலும் வெந்நீரும் போதும்.

மருந்து அடிப்பவரின் பாதுகாப்பு

மங்கோசெப் மலிவானது, கடைகளில் தாராளமாகக் கிடைப்பது. அதனால் அது பாதிப்பில்லாதது என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. இனப்பெருக்கத்துக்கும் ஓமோன்களுக்கும் கேடு என்ற காரணத்தால் 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. கையுறை, முகக்கவசம், நீளக்கைச் சட்டை இல்லாமல் கையால் கலக்குவதை நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

மரத்தின் உடலுக்குள் ஊடுருவும் வகைப் பங்கசுநாசினிகளை, ஒரே வகையை மட்டும், ஆண்டுதோறும் அடித்துக்கொண்டிருந்தால் பங்கசு அதற்குப் பழகிவிடும். அவ்வகை மருந்தான காபென்டசிம் விடயத்தில் உலகின் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. இரண்டு மருந்துகளை மாற்றி மாற்றி அடிப்பதென்றால், வணிகப் பெயர் மாறினால் போதாது. உள்ளேயிருக்கும் மருந்து வேறாக இருக்க வேண்டும். லேபலில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், மாவுக்கு என்று பதிவு இருக்கிறதா, கடைசியாக அடித்து எத்தனை நாளில் பிடுங்கலாம் என்பதையும் பாருங்கள்.

செப்பு மீனுக்கு நஞ்சு. தெளிகருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவ வேண்டாம். மருந்து அடித்த கிளையை வெட்டி ஆட்டுக்குப் போடவும் வேண்டாம்.

வேப்பெண்ணெய் பற்றிக் கேட்பார்கள். பூச்சிக்கு அது உதவும். இந்த நோயை அதை மட்டும் நம்பி நிறுத்த முடியாது.

வெந்நீர்ச் சிகிச்சை

தோலுக்குள் உறங்கும் பங்கசை அறுவடைக்குப் பிறகு மருந்தில்லாமல் அடக்கும் வழி இது. முற்றிய, இன்னும் பழுக்காத காயை 52 பாகை செல்சியஸ் நீரில் 5 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். பிறகு சாதாரண நீரில் ஆறவிட்டு, நிழலில் உலர்த்திப் பழுக்க வைக்கலாம்.

கைப்பக்குவத்தில் செய்யக் கூடாத வேலை இது, வெப்பமானி கட்டாயம். 50க்குக் கீழே இறங்கினால் பங்கசு தப்பிவிடும், 55ஐத் தாண்டினால் தோல் வெந்துபோகும். காயைப் போட்டதும் நீரின் வெப்பம் இறங்கும். ஆகவே பெரிய கிடாரத்தில் நிறைய நீரும் அளவான காயும் இருக்க வேண்டும். பிஞ்சுக் காய்க்கு இது சரிவராது. பிடுங்கிய அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும், புள்ளி வந்த பழத்துக்குச் செய்து பயனில்லை.

பிடுங்கும்போது ஒரு அங்குலக் காம்போடு எடுத்தால் பால் வழியாது. நிலத்தில் விழவிட்ட காயைத் தனியாக வையுங்கள். அடிபட்ட இடம் சீக்கிரம் அழுகி மற்றப் பழங்களையும் நனைக்கும்.

பப்பாசியும் முற்றத்துச் செடிகளும்

பப்பாசியிலும் கதை இதேதான்: பச்சைக் காயில் ஒளிந்திருந்து, பழுக்கும்போது வட்டமாகக் குழியும். காய்ந்து தொங்கும் கீழ் இலைகளையும் அழுகிய காய்களையும் கிழமைக்கு ஒரு தடவை அகற்றி, மஞ்சள் கோடு விழும் பருவத்திலேயே பிடுங்கினால் இழப்பு குறையும்.

குரோட்டனிலும் அந்தூரியத்திலும் பிரச்சினை பெரும்பாலும் தண்ணீர் ஊற்றும் விதத்தில்தான். பின்னேரத்தில் குழாயைப் பிடித்து இலையெல்லாம் நனைய அடித்தால் விடியும்வரை இலை ஈரமாகவே கிடக்கும். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். சாடிகளை ஒன்றோடொன்று முட்டாமல் தள்ளி வையுங்கள். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி எடுங்கள், ஈரமாக இருக்கும்போது தொட வேண்டாம், கையோடு வித்தி அடுத்த செடிக்குப் போகும். வீட்டுச் செடிக்கு மருந்து தேவைப்படுவது அரிது.

யாரிடம் காட்டுவது

மேலே சொன்ன அடையாளங்களில் எதுவென்று தீர்மானிக்க முடியாவிட்டால், மருந்துக் கடைக்குப் போகும் முன்னர் உங்கள் பிரிவின் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். விவசாயத் திணைக்களம் அவ்வப்போது நடத்தும் பயிர்ச் சிகிச்சை முகாம்களுக்கும் மாதிரியைக் கொண்டுபோகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பது இந்தப் பகுதிக்கு இன்னொரு வசதி.

முழுதாக அழுகிய பழத்தைக் கொண்டுபோனால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது, அதற்குள் வேறு பங்கசுகள் குடியேறியிருக்கும். புள்ளி தொடங்கிய பழம் ஒன்று, அதே மரத்தின் நோய்பட்ட இலை சில, காய்ந்த கொத்து ஒன்று, இவற்றை உலர்ந்த கடதாசியில் சுற்றி அன்றே கொண்டுபோங்கள். பொலித்தீனில் கட்ட வேண்டாம், வழியிலேயே அவிந்துவிடும். கடைசியாக அடித்த மருந்தின் போத்தலையோ லேபலின் படத்தையோ, அடித்த திகதியையும் குறித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.